மலைக்காற்றில் ஓடிய கால்களுக்கு முகாம் வெயில் பழகுமா?

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் சாலையில் நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞருக்கு, இராணுவத்தின் உடற்தகுதிச் சோதனையில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் பெரிய பயமாக இருக்காது. மேட்டில் ஏறி இறங்கிய கால் அது. அவருக்குச் சிக்கல் வெயிலில்தான்.

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பகலிலும் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இராணுவத்தின் அடிப்படைப் பயிற்சி மையம் இருப்பதோ போர்ட்டிக்சனில். தேசிய தற்காப்பு பல்கலைக்கழகம் சுங்கை பெசியில். அங்கே 32, 33 டிகிரி வெயில், புழுக்கம், போதாததற்கு முதுகில் மூட்டை.

வெப்பத்திற்குப் பழகாத உடலில் வியர்வை தாமதமாகச் சுரக்கிறது, உப்பு அதிகம் வெளியேறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. பழகிக்கொள்ள 10 முதல் 14 நாட்கள் தேவை. அதற்குள் முழு வேகத்தில் ஓடினால் உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டலாம். பேச்சு குழறுவதும் நடை தடுமாறுவதும் அதன் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை குளிர்ந்த நீரால் உடலைக் குளிரவைப்பது. மருத்துவமனைப் பயணம் அதன் பிறகே. "சோம்பேறி" என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்று காய்ச்சலை மறைத்து ஓடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பெற்றோரின் பயம் வெயிலைப் பற்றியது மட்டுமல்ல. சுங்கை பெசி பல்கலைக்கழகத்தில் 2017இல் சக மாணவர்களின் சித்திரவதையால் ஒரு கேடட் இறந்தார். 2025 ஜூலையில் ஜொகூரில் பலாப்பெஸ் பயிற்சியின்போது ஒரு பல்கலைக்கழக மாணவர் இறந்தார்; அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது முறை பிரேதப் பரிசோதனை நடந்தது. இவை வெப்பத்தோடு முடிச்சுப் போடக்கூடிய சம்பவங்கள் அல்ல. ஆனால் தோட்டத்து அம்மா, "ஏன்டா, உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்க இவை போதும். கடுமையான பயிற்சி வேறு, வதை வேறு. அந்தக் கோட்டை வரைந்து காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. பிள்ளையின் தைரியத்தின் மேல் அதைச் சுமத்துவது நியாயமில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. பலாப்பெஸ் மூன்று ஆண்டுப் பயிற்சி. அதை முடிப்பவர் தன்னார்வப் படையில் இளம் லெப்டினன்டாக நியமிக்கப்படுகிறார். முழுநேர அதிகாரி வேலை தானாகக் கைக்கு வந்துவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். தலைமைப் பண்பும் மொழித் திறனும் அங்கே சோதிக்கப்படும். ஓடத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்குதான்.

வெயிலுக்கு வழி எளிது, செலவும் இல்லை. தாப்பாவிலோ ஈப்போவிலோ உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கி, முதல் நாட்களில் அரை மணி நேரம் மெதுவாக ஓடி, பிறகு ஒரு மணி நேரம் வரை கூட்டலாம். அதை முன்கூட்டியே முடித்துவிட்டு வீடு திரும்பிப் பயனில்லை. மலையில் மூன்று நான்கு வாரம் இருந்தாலே அந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்துவிடும். முகாமுக்குப் புறப்படுவதற்குச் சற்று முந்தைய இரண்டு வாரம்தான் கணக்கு.