“ஆராய்ச்சி சொல்கிறது” என்றால் போதுமா?

பொம்மனஹள்ளியில் தையல் ஆலைகள் விடும் நேரத்தில் ஓசூர் சாலை ஓரமாக நடந்தால், சர்க்கரை வியாதிக்கு ஒரு பொடி, மூட்டு வலிக்கு ஒரு தைலம் என்று துண்டு நோட்டீஸ் கைக்கு வரும். முன்பெல்லாம் “சித்தர் அருளியது” என்று அச்சடித்தார்கள். இப்போது “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று அச்சடிக்கிறார்கள். அதே வாசகம் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அந்த ஒரு வரியை நம்பிப் போகிறது. ஆஸ்பத்திரி மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

எந்த ஆராய்ச்சி? யார் செய்தது? எங்கே வெளிவந்தது? கேட்பார் இல்லை. அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களின் சமாசாரம் என்று ஒதுங்கி விடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்பதற்கு இதே பெங்களூரில் நடந்த சம்பவம் ஒன்று உண்டு.

இந்திய விஞ்ஞானக் கழகத்தை (பழைய ஆட்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்பார்கள்) சேர்ந்த தேவ் குமார் தாப்பா, அன்ஷு பாண்டே ஆகிய இருவரும் 2018 ஜூலையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள் பொருள் ஒன்று, சாதாரணக் காற்றழுத்தத்தில், மைனஸ் 37 டிகிரியில், தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது அதன் சாரம். 1911-ல் ஹாலந்தில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தில் முதன்முதலாக இதைக் கண்டபோது ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி குளிர் தேவைப்பட்டது. எனவே பெங்களூர்ச் செய்தியை உலகமே திரும்பிப் பார்த்தது.

கட்டுரை வந்தது ஆர்க்கைவ் என்ற இணைய தளத்தில். மற்ற நிபுணர்கள் தணிக்கை செய்யும் முன்பே அங்கே கட்டுரையைப் போடலாம். யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் அப்போது இருந்த பிரையன் ஸ்கின்னர் என்ற விஞ்ஞானி அதைப் படித்தார். புதிய சோதனை எதுவும் அவர் செய்யவில்லை. வரைபடத்தில் இருந்த புள்ளிகளை உற்றுப் பார்த்தார். எந்தக் கருவியால் அளந்தாலும் அளவு சற்று மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஒழுங்கு கிடையாது. ஆனால் வெவ்வேறு காந்தப் புலத்தில் தனித்தனியாக அளந்ததாகக் காட்டிய இரண்டு வரிசைகளில் அந்த ஆட்டம் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தது. ஆகஸ்டில் அதைப் பகிரங்கமாக எழுதினார்.

கவுண்டரில் உட்காரும் குமாஸ்தாவுக்கு இது விளங்காத விஷயமா? திங்கட்கிழமை வசூலும் செவ்வாய்க்கிழமை வசூலும் மணிக்கு மணி ஒரே ஏற்ற இறக்கத்தில் ஓடியிருந்தால் தணிக்கைக்காரர் பேசாமல் கையெழுத்துப் போடுவாரா? திருட்டு என்று உடனே முடிவு கட்ட மாட்டார். விளக்கம் கேட்பார். ஸ்கின்னரும் மோசடி என்று குற்றம் சாட்டவில்லை. 2019 மே மாதம் கழகத்தார் கூடுதல் அளவீடுகளுடன் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயங்கும் அப்படிப்பட்ட பொருள் எதையும் விஞ்ஞான உலகம் இன்னும் ஏற்கவில்லை.

அது உலோகத்தைப் பற்றியது. குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று செய்த கேடு பெரிது. 1998-ல் லண்டனின் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியது அது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை ஆட்டிசத்துடன் முடிச்சுப் போட்டது. பார்த்த குழந்தைகள் எத்தனை? 12. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா? இல்லை. அந்தத் தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்குக்கு ஆயத்தம் செய்த வக்கீல் வழியாக வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்தது பிறகு அம்பலமானது. 2002-ல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். தொடர்பு எதுவும் இல்லை. லான்செட் அந்தக் கட்டுரையை 2010-ல்தான் வாபஸ் வாங்கியது. பன்னிரண்டு வருடம்! அதற்குள் பயம் கடல் தாண்டிப் போய்விட்டது.

இங்கேயும் தடுப்பூசி என்றால் சந்தேகம் எளிதில் பற்றிக் கொள்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகளால் தமிழகத்தில் பெற்றோர் பலர் தயங்கினர். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தடுப்பூசி போடாத குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் அது நிமோனியாவில் முடியலாம், உயிரே போகலாம்.

ஆபீசுக்கு வரும் கட்டில் மேலே இருக்கும் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு எந்த அனுபவசாலியும் குறிப்பு எழுதுவதில்லை. உள்ளே இருக்கும் பட்டியலைப் பார்க்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முடிவுரையில் எல்லாரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். எத்தனை பேரிடம் செய்தது, எலியிலா மனிதரிலா, மருந்து கொடுக்காத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா, செலவு யாருடையது, வேறு இடத்தில் செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்பவை உள்ளே இருக்கும். ஆங்கிலம் தடங்கல்தான், ஆனால் எண்களுக்கு மொழி இல்லை.

அல்சூரில் நூலகம் வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரையை எடுத்துத் தமிழில் பிரித்துக் காட்டலாம். விஞ்ஞானக் கழகத்தில் பணிபுரியும் தமிழர்களை அழைத்தால் வரமாட்டார்களா? பொம்மனஹள்ளிக்கு இப்போது மெட்ரோவும் வந்துவிட்டதால் தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

பத்திரிகைகளும் விலக்கல்ல. “ஆய்வில் தகவல்” என்று நாலு காலத் தலைப்புப் போடுகிறவர்கள், எத்தனை பேரிடம் நடந்த ஆய்வு, யார் பணம் என்பதை அடியில் இரண்டு வரியாவது போட வேண்டும். இடம் இல்லை என்ற சமாதானம் செல்லாது. ராசிபலனுக்குத் தினமும் இடம் இருக்கிறது.