ஆவாரைக்கு ஓர் இடம்

நம் தமிழ் மாணவர் மன்றம் ஆண்டுவிழாவை ஒட்டி விடுதியின் முன்னால் ஒரு பூந்தோட்டம் அமைக்கப் போகிறது. புல்தரை, குரோட்டன்ஸ், ரோஜா எனப் பட்டியலும் ஆயத்தமாகிவிட்டது. தோழர்கள் பொறுத்தருள்க, அப்பட்டியலை நான் ஏற்கவில்லை. கோடையில் குளிப்பதற்கே லாரித் தண்ணீரை எதிர்நோக்கும் ஐதராபாத்தில் புல்லுக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது அறிவுடைமை ஆகுமா?

அவ்விடத்தில் ஆவாரையை வளர்ப்போம் என்கிறேன். "சாலையோரப் புதருக்கா தோட்டம்?" என்று நகைத்தார் ஒரு நண்பர். சாலையோரத்தில் அதற்கு நீர் ஊற்றியவர் யார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை! பாறையும் செம்மண்ணுமான இந்தத் தக்காண மேட்டில் அது தானே முளைப்பது; பல்லாண்டு வாழ்வது; ஆடுமாடுகளும் அதை விரும்பி மேய்வதில்லை.

அதன் பூவைச் சற்று அருகிருந்து பாருங்கள். அதில் தேன் இல்லை; மகரந்தமே விருந்து. அவ்விருந்தும் எளிதில் கிட்டாது. மகரந்தப்பைகள் பிளந்து திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு (உண்மையில் அது தேனீ இனம்) பூவைப் பற்றிக்கொண்டு, பறப்பதற்குரிய தசைகளை அதிரச் செய்கிறது. சல்லடையில் மாவு உதிர்வதுபோல் மகரந்தம் உதிர்கிறது. நடுவிலுள்ள கேசரங்கள் வண்டுக்கு உணவளிக்க, கீழே நீண்டு வளைந்தவை அதன் உடலிலே தூவி அடுத்த பூவுக்கு அனுப்புகின்றன. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. ஆகவே, விடுதியின் பின்புறமுள்ள பட்ட மூங்கிலை வெட்டி எரிக்க வேண்டா. கருவண்டின் வீடு அதுதான். இலையைப் புழு தின்னக் கண்டால் மருந்து தெளிக்கவும் ஓடாதீர்கள். நாளை அவை வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகளாகப் பறக்கக் கூடும்.

தோட்டத்திற்குத் 'தமிழ்ப் பூங்கா' எனப் பெயரிட வேண்டுமாம். குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்று, பொங்கல் காப்புக்கட்டில் வேப்பிலையோடு சேரும் ஆவாரை அப்பெயருக்குப் பொருந்தும் என்பது மெய்யே. ஆனால் அது நம் தனிச்சொத்து அன்று. இங்கே அதன் பெயர் தங்கேடு. பதுகம்மா விழாவில் அடுக்கடுக்காகக் கோபுரம்போல் வைக்கும் பூக்களுள் முதன்மையானது அது. 2014-இல் தெலங்கானா அமைந்தபின் மாநில மலராகவும் ஆயிற்று. பலகையில் இரு பெயரையும் எழுதுவோம். விழாநாளில் தெலுங்குத் தோழியர் பறிக்க வந்தால், காவற்காரரை ஏவாமல் இருப்போம்.

நாற்று வாங்கப் பணம் திரட்ட வேண்டியதில்லை. ஆணிவேர் ஆழ இறங்கும் செடியாதலால் பிடுங்கி நட்டால் வாடிவிடும். விதைத்தோல் கடினமானது. உப்புத்தாளில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, ஜூன் மழை தொடங்கியதும் நேரே ஊன்றுவதே முறை. முதற் கோடையில் மட்டும் சிறிது நீர் வேண்டும். ஆண்டுவிழாவுக்குள் பூக்காது, தலைமை விருந்தினரை நிறுத்திப் படமெடுக்க முடியாதுதான்.

விதை என் அறையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்குவோர் யார் யார் என்று தெரிவித்தால் போதும்.