பேரு நல்லாத்தான் இருக்கு, தண்ணி வடியுமா?

ரியல் எஸ்டேட் கம்பெனிக்குப் பேர் வைக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ட்யூஷன் சென்டரில் படித்தவர்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ராயல், ட்ரீம், ஹெவன், எலைட், கிரீன், பேரடைஸ். இதில் இரண்டை எடுத்து ஒட்டினால் கம்பெனி பேர். மிச்சத்தில் இரண்டை எடுத்து ஒட்டினால் டேக்லைன். முடிஞ்சு போச்சு. அப்புறம் நியூமராலஜிக்காரர் வந்து ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' எழுத்தைக் கூடுதலாகச் சொருகிவிட்டுப் போவார், அது தனி தட்சணை.

இப்போ எதுக்கு இந்தப் புலம்பல் என்கிறீர்களா? என் மச்சினன் திருவனந்தபுரத்தில் ரியல் எஸ்டேட் ஆரம்பிக்கிறான். எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் அவர்களும் ஒரே மாநிலம். இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் ஏர்போர்ட் என்றாலும் எங்களுக்குச் சென்னை இல்லை, திருவனந்தபுரம்தான். அடியேன் துபாயில் குவான்டிட்டி சர்வேயர். அதாவது அடுத்தவன் கட்டுகிற கட்டிடத்துக்குக் கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று கணக்குப் போடுகிற ஜென்மம். மச்சினன் என் சேமிப்பிலிருந்தும் ஒரு பங்கு கேட்டிருக்கிறான். ஆகவே பேர் விஷயத்தில் எனக்கு வாய் உண்டு.

அவன் கட்சி இது: "அத்தான், வாங்கப் போறது முக்கால்வாசி கல்ஃப்காரங்க. பேரைக் கேட்ட உடனே ஃபாரின் மாதிரி இருக்கணும்."

அட மக்கா, கல்ஃப்காரன் ஃபாரினில்தானே இருக்கிறான்! அவன் ஊரில் வீடு வாங்குவதே ஃபாரினை விட்டு வருவதற்கு. அவனுக்குப் போய் ஸ்பெயின் நாட்டு கிராமத்துப் பேரில் ஒரு ஃபிளாட்டை விற்பானேன்?

நான் இருக்கிற ஊரையே பாருங்கள். 1997-ல் ஆரம்பித்த எமார் கம்பெனியின் பேருக்கு அரபியில் 'கட்டியெழுப்புதல்' என்று அர்த்தம். நகீல் என்றால் பேரீச்ச மரங்கள். அபுதாபியின் அல்தார், அதாவது 'வீடு', அவ்வளவுதான். ரஷ்யாக்காரன், சீனாக்காரன், வெள்ளைக்காரன், நம்ம ஆள் எல்லாருக்கும் இதே பேரில்தான் விற்கிறார்கள். அரபிப் பேர் வைத்ததால் வியாபாரம் படுத்துவிட்டதாக இங்கே யாரும் அழுது நான் பார்க்கவில்லை.

சரி, அரபிக்காரனை விடுங்கள். திருவனந்தபுரத்திலேயே 1990-ல் டெக்னோபார்க் ஆரம்பித்தார்களே, அங்கே கட்டிடங்களுக்கு என்ன பேர்? பம்பா, பெரியாறு, நிளா, பவானி, காயத்ரி, சந்திரகிரி, தேஜஸ்வினி. எல்லாம் ஆற்றுப் பேர்கள். அமெரிக்க கிளையன்ட் வாய் சுளுக்கிக்கொண்டு ஓடிவிட்டானா என்ன? அந்த நகரமே 'ட்ரிவாண்ட்ரம்' என்ற துண்டுப் பேரை அதிகாரபூர்வமாக விட்டுவிட்டு 1991-ல் முழுப்பேருக்குத் திரும்பிய நகரம். ஊர் தன் பேரை மீட்டுக்கொண்டது, ஊருக்குள் முளைக்கிற அபார்ட்மென்ட்டுகளோ விசா வாங்கிக்கொண்டு ஐரோப்பா கிளம்பிவிட்டன :-)

இது வெறும் பாஷைப் பற்று என்று நினைத்தால் தப்பு. என் கோபம் வேறு. இந்தப் பேர்கள் உண்மையை மறைக்கிற திரைச்சீலைகள். சில சமயம், அதிசயமாக, உண்மையை உளறியும் விடும்.

கொச்சிப் பக்கம் மரடு ஞாபகம் இருக்கிறதா? கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் காயல் கரையில் கட்டியதற்காக நான்கு அடுக்குமாடிகளை இடிக்கச் சொல்லி 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 இரண்டே நாளில் வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். டீவியில் எல்லாரும் பார்த்தோம். அவற்றின் பேர்களைத்தான் யாரும் நிறுத்திப் படிக்கவில்லை. ஹெச்2ஓ ஹோலி ஃபெய்த். ஆல்ஃபா செரீன். ஜெயின்ஸ் கோரல் கோவ். கோல்டன் காயலோரம். தண்ணீரின் ரசாயனக் குறியீடு ஒன்று, பவளக் குடா ஒன்று, பச்சையாகவே 'காயல் ஓரம்' ஒன்று! எந்த விஷயத்துக்காக இடித்தார்களோ அதையே முகப்பில் எழுதி வைத்துத்தான் விற்றிருக்கிறார்கள். கோர்ட் இடைக்கால நிவாரணமாக ஆளுக்கு 25 லட்சம் தரச் சொன்னது. அதில் வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். 'லேக் வியூ' என்று பார்த்தால் குளத்துக்கு எத்தனை அடி தள்ளி என்று கேட்பேன். 'மெடோஸ்' என்றால் முன்னாடி அங்கே யார் நெல் அறுத்தார்கள் என்று கேட்பேன். இந்த இரண்டாவது கேள்வி திருவனந்தபுரத்தில் ரொம்ப முக்கியம். கேரளத்தில் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை இஷ்டத்துக்கு மண் போட்டு மேடாக்க முடியாது.

இங்கே நம்ம தமிழ் ஆட்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸ் பேசிக் டாக்ஸ் ரிஜிஸ்டரில் ஒரு இடத்தை 'நிலம்' என்று எழுதியிருக்கும். நமக்கு நிலம் என்றால் மனை, பூமி, எல்லாம்தான். "நிலம்னுதானே போட்டிருக்கு, வேற எப்படிப் போடுவான்?" என்று கையெழுத்துப் போடுவோம். ஐயா, அங்கே 'நிலம்' என்றால் நெல் விளைகிற நஞ்சை. வீடு கட்டத் தோதான இடத்துக்கு 'புரயிடம்' என்று எழுதியிருக்க வேண்டும். பலகையில் இருக்கிற 'பேரடைஸ்' உங்கள் தலையெழுத்தை எழுதாது. ரிஜிஸ்டரில் இருக்கிற இந்த ஒற்றை வார்த்தைதான் எழுதும்.

மண் போட்டு மேடாக்கினால் மட்டும் தண்ணீர் தன் வழியை மறக்குமா? 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரை மீறி, டெக்னோபார்க் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஏறியது. ஐ.டி. ஆட்கள் வீட்டுக்குள் முழங்காலளவில் நின்றார்கள். இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற ஊரில், மார்ச் மாத வெயிலில் எடுத்த போட்டோவை துபாய் ஹோட்டலில் மாட்டி வைத்து ப்ராபர்ட்டி ஷோ நடத்துகிறார்கள். ஏசி குளிரில் மசாலா சாய் குடித்தபடி நாமும் செக் எழுதுகிறோம்.

அதனால் டேக்லைனுக்கு நான் மச்சினனுக்குக் கொடுத்தது இது: 'மழைக்காலத்தில் வந்து பாருங்கள்.' மலையாளத்தில் 'மழயத்து வந்நு காணூ.' கனவு, சொர்க்கம், வாழ்க்கைமுறை ஒன்றும் கிடையாது. சொல்ல முடிகிறவன் சொல்லட்டும். சொல்ல முடியாத மனையை விற்கவே வேண்டாம்.

பயந்துவிட்டான். "அத்தான், அப்படிப் போட்டா ஜனங்க நிஜமாவே மழையில வந்துருவாங்களே!"

வரட்டுமே! டேக்லைன் என்பது விளம்பரம், விளம்பரம் சும்மா இல்லை. 2016 ரேரா சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டியவர், அது பொய் என்றால் நஷ்டஈடு கேட்கலாம், விலகிக்கொண்டு போட்ட பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதும் சட்டம். 'உங்கள் கனவு இல்லம்' என்று போட்டவனை எந்தப் பிரிவில் பிடிப்பீர்கள்? கனவுக்கு அளவு கிடையாதே. பிடி கொடுக்காத வாசகத்தை அவர்கள் விரும்புவதன் ரகசியம் இதுதான்.

கம்பெனிப் பேர்? சொந்தப் பேரைப் போடு என்றேன். 1938-ல் பம்பாயில் இரண்டு டென்மார்க் இஞ்சினியர்கள் சேர்ந்து தங்கள் குடும்பப் பேரையே பலகையில் எழுதினார்கள், லார்சன் அண்ட் டூப்ரோ. ட்ரீமும் இல்லை, ராயலும் இல்லை. திட்டத்துக்கு ஒரு கம்பெனி தொடங்கி, சுவர் விரிசல் விட்டதும் பலகையைக் கழற்றி வேறு பேரில் கடை விரிக்கிற ஊரில், கழற்ற முடியாத பேர் ஒன்றே ஒன்று அப்பா வைத்ததுதான். கட்டமைப்புக் குறை என்றால் ஒப்படைத்து 5 வருஷம் வரை பில்டர் பொறுப்பு என்று ரேராவே சொல்கிறது. அந்த 5 வருஷமும் சாலை பஜாரில் காய்கறி வாங்கப் போகும்போது யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்க முடியவேண்டும்.

மச்சினன் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான். பேர் பலகையும் டேக்லைனும் இப்படி வந்தால் என் பங்கு உண்டு, ராயல் என்று வந்தால் கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி ஒரு ஆயிரத்து ஒன்று மட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை.

பி.கு.: திருவனந்தபுரத்தில் மனை பார்க்கிற கல்ஃப் தோழர்களே, லீவை ஓணத்துக்குப் போடாமல் ஜூன் கடைசியில் போடுங்கள். குடை நல்லதாக ஒன்று.