தலைவரைத் தேடு படலம்

அரசன் வாரிசின்றி இறந்துபட்டால், பட்டத்து யானையின் துதிக்கையிலே மாலையைக் கொடுத்து வீதியில் விடுவர் என்றும், அது எவன் கழுத்தில் மாலையை இடுகின்றதோ அவனே அரசனாவான் என்றும் எமது பழங்கதைகள் கூறும். இதனை வகுப்பிலே சொல்லுந்தோறும் மாணவர் நகைப்பர். நகைப்பது நியாயமே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த யானை வீதிக்கு வந்தது, மக்களிடையே நடந்தது, மாலையிடுமுன் அம்மனிதனைத் தன் கண்ணாலே கண்டது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், உலகின் மிகப் பெரிய கணினிக் கம்பனிகளுள் ஒன்றான ஹியூலெற் பக்கார்ட், லியோ அபொதேக்கர் என்பாரைத் தனது பிரதம நிறைவேற்று அதிகாரியாக நியமித்தபோது, பணிப்பாளர் சபையிலே வாக்களித்தோரிற் பெரும்பாலார் அம்மனிதரை அதற்கு முன் நேரிற் கண்டதேயில்லை. அக்கம்பனியின் கீழ் அன்று வேலைசெய்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர்!

இதனால் எமக்கு யாது என வினவும் அன்பர்கள் இருக்கலாம். மதுரையிலே பிறந்து சென்னையிலே வளர்ந்த சுந்தர் பிச்சை 2015ஆம் ஆண்டு கூகுளின் பிரதம நிறைவேற்று அதிகாரியானபோது, தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் எழுந்த ஆரவாரத்தை நாம் மறந்துவிடவில்லை. எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே அவர் பெயரைச் சொல்லாது அமர்ந்த பிரதம விருந்தினர் அரியர். 2022ஆம் ஆண்டுக்கென அவருக்கு வழங்கப்பட்ட ஊதியம், பெரும்பாலும் பங்குகளாக, 226 மில்லியன் டொலர். அவ்வாண்டு முடிந்த மறுமாதமே, 2023 யனவரியில், 12,000 பேரை வேலையினின்றும் நீக்குவதாக அவரே கடிதம் வரைந்தார். அப்பன்னீராயிரவருள் தமிழரும் இருந்திருப்பர். அவர்களைப்பற்றி எந்தப் பிரதம விருந்தினரும் பேசக் கேட்டிலோம்.

பிச்சையை வைவது எமது நோக்கமன்று. அவ்வாசனத்தில் எவர் அமரினும் அதனையே செய்வார். அவ்வாசனத்தின் இயல்பு யாது, அதற்கு ஆளைப் பொறுக்குவோர் யாவர், எதனைக் கண்டு பொறுக்குகின்றனர் என்பனவே எமது வினாக்கள்.

இப்பதவி என்றும் இவ்வாறே இருந்ததன்று. வில்லியம் ஹியூலெற், டேவிட் பக்கார்ட் என்ற இரு பொறியியலாளர் 1939ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாலோ அல்ற்றோ நகரிலே ஒரு கார்க் கொட்டகையில் தம் தொழிலைத் தொடங்கினர். 1970இல் வியாபாரம் மந்தமுற்றபோது, ஆட்களை நீக்காது, இரு வாரங்களுக்கு ஒரு நாள் அனைவரும் வேலையின்றியிருந்து பத்து வீதச் சம்பளக் குறைப்பை ஏற்றனர். மேலதிகாரிகளும் அதற்கு விலக்கல்லர். அவர்களும் முதலாளிகளே; தர்மவான்களென்று அவர்களுக்கு மாலையிட நாம் வரவில்லை. ஆயினும் தொழிற்கூடத்தில் நின்று வேலைசெய்தவனுக்குத் தன்னருகே நிற்பவன் ஒரு மனிதனாகவேனும் தெரிந்தான்.

பின்னர் காலம் மாறிற்று. 1983இல் அப்பிள் கம்பனி, பெப்சி என்னும் குளிர்பானத்தை விற்றுப் பெயர்பெற்ற ஜோன் ஸ்கலியைக் கொணர்ந்தது. 1993இல் ஐ.பி.எம். கம்பனி, பிஸ்கோத்தும் சிகரெட்டும் விற்ற ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவின் தலைவர் லூ கேர்ஸ்ற்னரைக் கொணர்ந்தது. கேர்ஸ்ற்னர் அக்கம்பனியைச் சிதையாது காத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆட்குறைப்புச் செய்வதில்லை என நெடுங்காலம் பெயர்பெற்றிருந்த அக்கம்பனியிலே, அவர் வந்து நான்கு மாதங்களுள் மேலும் 35,000 பேரைக் குறைக்கும் திட்டம் வெளியாயிற்று. பணிப்பாளர் சபைகள் இதனின்றும் ஒரு பாடத்தை நன்கு கற்றுக்கொண்டன: பொருளை ஆக்குவோர் எவர், எவ்வாறு ஆக்குகின்றனர் என்பதை அறியாதவனும் தலைவனாகலாம், எண் தெரிந்தாற் போதும்.

அடுத்துத் தலைவரின் ஊதியமே பங்குகளாயிற்று. பங்கின் விலை உயர்ந்தால் அவர் பெருஞ்செல்வர். மெற்றா கம்பனி 2022 நவம்பரில் 11,000 பேரையும், 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டுள் அதன் பங்கின் விலை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. ஆட்குறைப்பு மட்டுமே அதற்குக் காரணம் என நாம் கூறோம். ஆனால் பங்குச் சந்தை அதற்காக முகஞ்சுளிக்கவில்லை என்பது வெளிப்படை. அங்கே மார்க் சக்கபேர்க், ஒரு பங்குக்குப் பத்து வாக்குள்ள சிறப்புப் பங்குகளால் பெரும்பான்மை வாக்குகளைத் தம் கையிலேயே வைத்துள்ளார். அவரைத் தேர்வதும் அவரே, நீக்க வல்லவரும் அவரே. முடியாட்சி ஒழிந்ததென்று வரலாற்றுப் பாடத்திற் கற்பிக்கின்றோம்!

அண்மையில் இப்பதவி இன்னொரு வேடமும் பூண்டது. 2025 யனவரி 20ஆந் திகதி வாஷிங்டனிலே டொனால்ட் ட்ரம்ப் மீண்டும் பதவியேற்றபோது, சக்கபேர்க், பிச்சை, அப்பிளின் டிம் குக், அமேசனை நிறுவிய ஜெவ் பெசோஸ், எலோன் மஸ்க் ஆகியோர், அமைச்சர்களாகவிருந்தோருக்கும் முன்னே அமர்த்தப்பட்டனர். பொறியியலாளன் விற்பனைக்காரனாகி, விற்பனைக்காரன் கணக்கனாகி, கணக்கன் இன்று அரசவைப் புலவனாகிவிட்டான். புலவனுக்காவது யாப்புத் தெரிந்திருந்தது.

இனி அபொதேக்கரிடம் மீள்வோம். அவருக்கு முன் அவ்வாசனத்தில் இருந்தோர் கதையே பெருங்கதை. 1999இல் வெளியிலிருந்து கொணரப்பட்ட கார்லி பியோரினா 2005இல் ஏறத்தாழ 21 மில்லியன் டொலருடன் அனுப்பப்பட்டார். பின்வந்த மார்க் ஹேர்ட், செலவுக் கணக்குகள்பற்றியும் நடத்தைபற்றியும் நிகழ்ந்த விசாரணையின் பின் 2010 ஓகஸ்டில் விலகினார். சபையோ உட்பகையாற் பிளவுண்டு களைத்துக் கிடந்தது. விரைவில் ஒருவர் வேண்டும், தேடுதற்குழு ஒருவரைக் காட்டிற்று, ஏனையோர் கைதூக்கினர். பதினொரு மாதங்கள்! அதற்குள் ஓட்டோனொமி என்னும் பிரித்தானிய மென்பொருட் கம்பனியை ஏறக்குறைய 11 பில்லியன் டொலருக்கு வாங்க ஒப்பந்தமாயிற்று. 2012 நவம்பரில் 8.8 பில்லியன் டொலரை நட்டமென எழுதித் தள்ளினர். பிழை விற்றவர் மீதா வாங்கியவர் மீதா என்னும் வழக்கு ஆண்டுக் கணக்கில் நீதிமன்றங்களிலே நடந்தது. அபொதேக்கர் 2011 செப்டெம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டார்; பத்து மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பணமும் பங்கும் அவருடன் சென்றன. அவருக்குப் பின் வந்தவர் அதே சபையில் அமர்ந்திருந்த மெக் விற்மன். 2012 மே மாதத்தில் 27,000 பேரைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிழைபட நியமித்தோர் சிலர். பிழைபட நியமிக்கப்பட்டவர் ஒருவர். விலை செலுத்தியோர் எவர் என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்க.

ஆனால் எமது உள்ளத்தைத் தைத்தது இதுவன்று. ஹியூலெற் பக்கார்ட்டுக்கு வருமுன் அபொதேக்கர் ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருட் கம்பனிக்குத் தலைவராயிருந்தார். அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலைசெய்யும் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையிற் பாதி ஆசனங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குரியன. நிறைவேற்று அதிகாரிகளை நியமிப்பதும், அவர்தம் ஒப்பந்தத்தை நீடிப்பதும் நீடியாது விடுவதும் அச்சபையே. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தியதால் வாடிக்கையாளர் சினந்திருந்தனர்; தலைமைமீது ஊழியர் நம்பிக்கை இழந்திருந்தனர். 2010 பெப்ரவரியில், அபொதேக்கரின் ஒப்பந்தத்தை நீடிப்பதில்லை என்று முடிவாயிற்று. ஏழே மாதங்களின் பின், தொழிலாளருக்கு ஓர் ஆசனமும் இல்லாத அமெரிக்கச் சபையொன்று, அதே மனிதரைக் காணாமலே கரம்பற்றியது. பழைய இடத்தில் அவர் கீழ் உழைத்தோர் நால்வரை அழைத்து விசாரித்திருந்தால் ஆகும் செலவு எவ்வளவு?

இவ்விடத்தே தரகரைப்பற்றியும் ஒரு சொல். கம்பனித் தலைவர்களைத் தேடிக்கொடுப்பதற்கென்றே பெரும் நிறுவனங்கள் உள. தேடப்படுபவரின் முதலாண்டு ஊதியத்தில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகப் பெறுவது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். தலைவரின் விலை ஏறுந்தோறும் தரகரின் கூலியும் ஏறும் என்பது இதன் பொருள். எமது ஊர்க் கலியாணத் தரகருங்கூட இருவீட்டாரையும் ஒருமுறை முகம்பார்க்க வைப்பார். சாதகத்தையும் பார்ப்பார். 2012 யனவரியில் யாகூவின் தலைமைக்கு வந்த ஸ்கொற் தொம்சனின் வாழ்க்கைக் குறிப்பிலே, அவர் பெறாத கணினி விஞ்ஞானப் பட்டமொன்று பெற்றதாகக் காணப்பட்டது. உண்மையில் அவர் பெற்றது கணக்கியற் பட்டம். அதனை வெளிப்படுத்தியவர் நியமித்த சபையினரல்லர், சபையோடு மோதிக்கொண்டிருந்த ஒரு பங்குதாரர். மே மாதத்தில் தொம்சன் வெளியேறினார். ஓர் உதவி ஆசிரியர் நியமனத்திற்கே மூலச் சான்றிதழையும் பிரதியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் நாட்டிலிருந்து நோக்கும் எமக்கு இது வியப்பளித்தது.

சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவனும், அவன் உறவினரும் தேர்தற்கு உரியரல்லர் என்பது அதன் விதி. அதனைச் சனநாயகத்தின் பொற்காலமெனப் புகழ்வாரோடு நாம் உடன்படோம். நிலமும் மனையும் உடைய அந்தணர் சபை அது. உழுதவனுக்கு ஓலையுமில்லை, குடமுமில்லை. ஆயினும் அந்நிலவுடைமையாளர்கூடக் கணக்குக் காட்டாதவனை மீண்டும் சேர்க்கவில்லை. இக்காலக் கம்பனிகளிலோ, ஓரிடத்தில் வீழ்ந்தவர் கைநிறையப் பொருளுடன் இறங்கி மற்றோரிடத்தில் ஏறுகின்றார்.

'தொழிலாளருக்கு இவை விளங்குமா?' என்பர் சிலர். பங்கை நேற்று வாங்கி நாளை விற்பவனுக்கு விளங்குவது, பதினைந்தாண்டு அங்கு உழைத்தவனுக்கு விளங்காதோ? 'ஓப்பின்ஏஐ கம்பனியில் 2023 நவம்பரில் சாம் அல்ற்மன் நீக்கப்பட்டபோது, ஏறக்குறைய 770 ஊழியருள் 700க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு அவரை மீட்டனரன்றோ? தொழிலாளர் விரும்புவது முதலாளியையே' என்பர் வேறு சிலர். இது வலிய வாதம், தட்டிக்கழித்தல் ஆகாது. அவ்வூழியர் கையிலே கம்பனியின் உரித்துக்கள் இருந்தன. அவற்றை 86 பில்லியன் டொலர் மதிப்பீட்டில் விற்கும் ஏற்பாடும் அவ்வேளை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பங்குதாரராகவே கையொப்பமிட்டனர் எனின் முற்றும் தவறாகாது. அதனினும் மேலாக, நீக்குமுன் அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாதவனுக்கு வெளியேறுவேன் என்னும் அச்சுறுத்தல் ஒன்றே எஞ்சுகின்றது.

ஜேர்மன் முறையை நாம் தேவாமிர்தமெனக் கருதவில்லை. சமவாக்கு வருமிடத்து அங்கும் சபைத் தலைவரின் மேலதிக வாக்கே வெல்லும். அத்தலைவர் இறுதியிற் பங்குதாரர் பக்கத்தவரே. பாதிச் சபை தொழிலாளரது ஆகவிருந்தும் வொக்ஸ்வாகனின் புகைமோசடி 2015வரை மறைந்திருந்தது. எஸ்.ஏ.பி.யே 2024 யனவரியில் 8,000 பதவிகளைத் தொடும் மறுசீரமைப்பை அறிவித்தது. ஆசனம் கிடைத்ததும் அநீதி மறையாது. ஆனால் தலைவரைத் தேடும் அறையில் உழைப்போனும் இருத்தல் வேண்டும். வருபவரின் பழைய தொழிற்கூடத்தாரை வினவுதல் வேண்டும். தரகரின் கூலியை ஊதியத்தோடு பிணைத்தல் ஆகாது. நீக்கப்படும் தலைவருக்கும் நீக்கப்படும் எழுதுவினைஞருக்கும் ஒரே கணக்கில் நட்டஈடு வழங்குதல் வேண்டும். இவற்றைப் புரட்சியென அஞ்சுவோர் எம்மை மிகைப்படப் புகழ்கின்றனர்.

2018 நவம்பர் முதலாந் திகதி, பாலியற் தொல்லை முறைப்பாட்டுக்குள்ளான ஓர் உயரதிகாரிக்கு 90 மில்லியன் டொலர் கொடுத்தனுப்பிய செய்தி கேட்டு, கூகுளின் ஊழியர் ஏறக்குறைய 20,000 பேர் பல நாடுகளிலே வேலையை விட்டு வீதிக்கு வந்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று, பணிப்பாளர் சபையில் ஊழியர் பிரதிநிதி ஒருவருக்கு இடம் என்பது. பாலியற் தொல்லை முறைப்பாடுகளை நீதிமன்றுக்குச் செல்லவிடாது கட்டாய நடுத்தீர்ப்பில் அடைத்துவைத்த விதியை நிருவாகம் ஒரு வாரத்தில் தளர்த்திற்று. அந்த ஆசனத்தை மட்டும் கொடுக்கவில்லை.