போர்டு மெம்பர்களே, லோகோ இருக்கட்டும்!

பெங்களூரில் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கான தொண்டு நிறுவன போர்டுல சேர நம்மாட்களுக்கு ஏக ஆசை. சேர்ந்து? பவர்பாயிண்ட் காட்டி, லோகோவை மாத்தச் சொல்லிட்டுப் போயிடறாங்க.

1995 ஊனமுற்றோர் சட்டத்தில் டிஸ்லெக்சியா கிடையாது. 2016 சட்டம்தான் சேர்த்தது. ஆனா சலுகைக்குச் சான்றிதழ் வேணும், அதுக்கு முதல்ல யாராவது கண்டுபிடிக்கணுமே! வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தின்னு மூணு எழுத்து. பையன் திணறினா, "வெளியூர்ப் பிள்ளை, போகப்போகச் சரியாயிடும்"னு டீச்சர் சொல்ல, நாமளும் (வசதியா) தலையாட்டறோம். வருஷம் ஓடிடுது. தமிழில் கதையளக்கிற பிள்ளைக்கு எழுத்து மட்டும் ஏன் பிடிபடலைன்னு தமிழிலேயே பேசிப் பார்க்க ஒரு ஸ்பெஷல் டீச்சர் வேணும். அடுத்த மீட்டிங்கில் அவங்க சம்பளத்துக்குப் பட்ஜெட் கேளுங்க சாமி.