அறிவியல் அறிவோம்: வேகத்தை ஈந்து செல்லும் நீர்

லால்பேட்டையை ஒட்டி விரிந்து கிடக்கும் வீராணம் ஏரி நிரம்பி வழியும் நாட்களில், “இவ்வளவு நீரைக் கொண்டு நீலகிரியைப் போல் இங்கும் மின்சாரம் எடுக்கலாகாதா?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. எடுக்க இயலாது. இங்கே நீர் உண்டு, உயரம் இல்லை.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மலை மேலிருந்து நீர் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை எஃகுக் குழாய்களில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தை அடைகிறது. குழாயின் குறுகிய வாயிலிருந்து பீறிடும்போது அதன் அழுத்தம் முழுவதும் வேகமாக மாறுகிறது. 900 மீட்டருக்குக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறக்குறைய 130 மீட்டர். மணிக்குச் சுமார் 470 கிலோமீட்டர்!

அந்த நீர்த்தாரை, சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக அமைந்த கிண்ணங்களில் மோதுகிறது. 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் லெஸ்டர் பெல்டனின் பெயராலேயே இச்சக்கரம் வழங்கப்படுகிறது. கிண்ணத்தின் நடுவிலுள்ள கூரிய வரம்பு தாரையை இரண்டாகப் பிளந்து, வந்த திசைக்கே ஏறத்தாழத் திருப்பிவிடுகிறது.

சூட்சுமம் கிண்ணத்தின் வேகத்தில்தான் இருக்கிறது. கிண்ணம் அசையாது நின்றால், நீர் வந்த வேகத்திலேயே திரும்பிவிடும்; வேலை நடவாது. நீரின் வேகத்திலேயே கிண்ணமும் ஓடினால், மோதலே நிகழாது. கிண்ணம் நீரின் பாதி வேகத்தில், அதாவது நொடிக்கு 65 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். கிண்ணத்தை நோக்கி நீர் 65 மீட்டர் வேகத்தில் வரும். அதே வேகத்தில் பின்னோக்கித் திரும்பும். கிண்ணமோ முன்னோக்கி 65 மீட்டர் செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிட, நீர் ஏறத்தாழ வேகமற்றுக் கீழே விழுகிறது. தன் ஆற்றலைச் சக்கரத்துக்கு ஈந்துவிட்டது என்பதே இதன் பொருள். நடைமுறையில் உராய்வினால் சிறிது இழப்பு உண்டு.

ஆற்றலை ஈந்த நீரில் ஒரு துளியும் குறைவதில்லை. அது மோயாற்றில் சேர்ந்து, பவானிசாகர் வழியாகக் காவிரியை அடைகிறது. அதே காவிரி நீர்தான் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே நம் வீராணத்துக்கு வருகிறது. 2004 முதல் சென்னை மக்களின் தாகத்தையும் அது தணிக்கிறது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்றவர்கள் நாம். மலையில் விளக்கேற்றி, வழியெல்லாம் வயல் நனைத்து, நம் வாசலுக்கு வந்து சேரும் இறைவனின் இந்த அருட்கொடையைத் திறந்துவிட்ட குழாயில் வீணாக்கலாமா? இல்லங்களில் இதைப் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக!