பாம்பி வென்றிருந்தால்?

“அஃது அவ்வாறு நடவாதிருந்தால்?” என்று சரித்திரத்தை நோக்கி வினவுவது வீண் வேலை என்பர் சிலர். நடந்தவற்றின் மெய்யான காரணத்தைக் கண்டறிய அவ்வினா பெரிதும் துணைபுரியும் என்பது எம் கருத்து. இத்திங்கள் உரோமாபுரியின் உள்நாட்டுப் போரொன்றை அவ்வாறு ஆராய்வோம்.

கி.மு. 49 ஜனவரியில் ஜூலியஸ் சீசர் படையுடன் ரூபிகன் என்னும் சிற்றாற்றைக் கடந்து தாய்நாட்டின் மீதே போர் தொடுத்தான். செனட் சபையின் சார்பில் அவனை எதிர்த்தவன் பாம்பி. ஒரு காலத்தில் சீசரின் மகளையே மணந்திருந்தவன் அவன்! மறு ஆண்டு டைராக்கியம் என்னுமிடத்தில் சீசர் தோல்வியுற்றான். அங்கே அவன் வீரர்கள் கிழங்கைப் பிசைந்து ரொட்டியாகச் சுட்டு உண்டு காலங்கழித்தனர். பாம்பியிடமோ கப்பலும் இருந்தன, தானியமும் இருந்தது. பொறுத்திருந்து பகைவனைப் பசியால் மெலிவிப்பதே அவனது திட்டம்.

உடனிருந்த பிரபுக்கள் பொறுத்தார்களில்லை. தலைமைப் பதவியின் சுவை கண்டு போரை நீட்டிக்கின்றான் என்று அவனை ஏசினர். சீசர் வகித்துவந்த தலைமைக் குரு பதவி யாருக்கு என்று மூவர் போருக்கு முன்னரே சச்சரவிட்டனர். அவர்களுடைய வற்புறுத்தலுக்கு இணங்கி ஆகஸ்டு 9-ஆம் நாள் பார்சாலஸ் களத்தில் பாம்பி இறங்கினான். சீசரே எழுதிவைத்த கணக்கின்படி, பாம்பியின் படை 45,000. சீசரின் படை 22,000. ஆயினும் வென்றவன் சீசரே. பாம்பியின் பாசறையில் வெற்றி விருந்துக்கு வெள்ளிப் பாத்திரங்கள் பரப்பியபடியே கிடந்தனவாம்! எகிப்துக்குத் தப்பியோடிய பாம்பி, கரையிறங்கும் வேளையில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான்.

பாம்பி பொறுத்திருந்து வென்றிருப்பின்? நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஜூலை என்ற பெயர் இராது. ‘கைசர்’, ‘ஜார்’ என்னும் பட்டங்களும் தோன்றியிரா. அவை சிறு மாறுதல்கள். குடியரசு பிழைத்திருக்குமா என்பதே பெரிய வினா.

பிழைத்திருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. கி.மு. 62-இல் கீழ்நாடுகளை வென்று இத்தாலிக்குத் திரும்பிய பாம்பி, நினைத்திருந்தால் முடியே சூடியிருக்கலாம். அவனோ கரையிறங்கியதும் படையைக் கலைத்து வீரர்களை வீட்டுக்கு அனுப்பினான். பிழைத்திராது என்பதற்கும் சான்று உண்டு. அவன் பக்கம் நின்ற சிசரோவே, பெயர்ப்பட்டியல் இட்டு எதிரிகளைக் கொன்ற பழைய சல்லாவைப் போலாக பாம்பி விழைகின்றான் என்று நண்பனுக்குக் கடிதம் எழுதினான்.

எம் சிந்தையில் நிற்பது வேறொன்று. கலைக்கப்பட்ட அவ்வீரர்களுக்கு நிலம் வழங்குமாறு பாம்பி செனட் சபையை வேண்டினான். சபை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. மனம் வெறுத்த பாம்பி சீசரின் நட்பை நாடினான். கி.மு. 59-இல் சீசர் கான்சல் பதவியேற்றுச் சட்டமியற்றிய பின்னரே நிலம் கிட்டியது. முதுமையில் சோறிடுவது நாடன்று, தளபதியே என்று கண்ட வீரன், தளபதி காட்டும் திசையில் வாளை வீசுவதில் வியப்பென்ன? பார்சாலஸில் பாம்பி வென்றிருப்பினும் அந்நோய் தீர்ந்திராது. இன்னொரு சீசர் இன்னோர் ஆற்றைக் கடந்திருப்பான்.

அந்நோய்க்கு மருந்திட்டவன் சக்கரவர்த்தி அகஸ்டஸ். கி.பி. 6-இல் படைவீரர்களுக்கெனத் தனிக் கருவூலம் ஒன்றை அவன் நிறுவினான். தன் பொருளில் 17 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ஈந்ததுடன், வாரிசுச் சொத்தின் மீது நூற்றுக்கு 5, ஏல விற்பனையின் மீது நூற்றுக்கு 1 என வரி விதித்து அதற்கு நிலையான வருவாயும் வகுத்தான். பணி முடிந்த வீரனுக்கு அதிலிருந்து தொகை கிடைத்தது. ஓய்வுக்கால நிதியின் அருமை மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்குத் தெரியாததன்று!

அம்மருந்தை அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே செனட் சபை மனமுவந்து அளித்திருந்தால்? ரூபிகன் கரையில் நின்ற சீசருக்குப் பின்னே வர எத்துணை வீரர் முன்வந்திருப்பர்? உரோமாபுரியின் விதி மாறியிருக்கக்கூடிய இடம் போர்க்களமன்று, அச்சபா மண்டபமே. உழைத்தவனுக்கு உரியதை உரிய காலத்தில் கொடாத சபை, தன் வாயிலைத் தானே பகைவனுக்குத் திறந்துவிடுகின்றது.